ஊர் முடியும் பலகை

தெம்பனிஸ் பேட்டைக்குள் சுற்றி
புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும்
வழித்தடம் என்னுடையது.
நாற்பத்தொரு நிமிடம். மழையென்றால் ஐம்பது.
இங்கே எங்களுக்குப் பதவிப் பெயர் கேப்டன்.
கரை காணாத கேப்டன்கள்.

ஜூன் விடுப்பில் லூப்லியானா போனேன்.
ஒரு தலைநகரம் என்றேன், கேட்டவர்களிடம்.
எவ்வளவு பெரிது?
நம் தெம்பனிஸ் ஆட்களைக்
கொஞ்சம் கலைத்துப் போட்டால் அவ்வளவுதான்.
இதற்கா பதினேழு மணி நேரம் என்றார்
டிப்போ கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த
காதர்மைதீன்.

டிக்கெட் எடுத்தது இரண்டு பேருக்கு.
ரொஹானிசாவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழ
இரண்டாவது இருக்கையில்
என் கைப்பை உட்கார்ந்து வந்தது.

அங்கே ஊர் நடுவில் வண்டியே கிடையாது.
இருபத்திரண்டு வருடம் சக்கரத்தின் மேல் இருந்தவளுக்கு
முதல் நாள் காதடைத்தமாதிரி இருந்தது.
பாலத்தில் நின்று, பழக்கத்தில்,
இடப்பக்கக் கண்ணாடியைத் தேடினேன்.
ஆறு பச்சை.
பாண்டான் இலையை அரைத்துப் பிழிந்து
தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்பிருக்கும் பச்சை.
பாலத்து டிராகன்களும் பச்சைதான்,
களிம்பேறிய செம்பு.

விடுதிக்காரி மெட்கா கேட்டாள், இருவரா?
ஒருத்தி என்றேன்.
அவர்கள் மொழியில்
இரண்டு பேருக்கென்றே தனி எண் உண்டாம்,
ஒருமையுமில்லை பன்மையுமில்லை,
இருவர் நடந்தால் வினைச்சொல்லே வேறாம்.
தமிழில்?
அப்படியில்லை.
ஆனால் நாம் வேறு, நாங்கள் வேறு.
கேட்கும் உன்னைச் சேர்த்தால் ஒன்று
வெளியே நிறுத்தினால் மற்றது.
தட்டைத் துடைத்தபடி யோசித்தாள்.
உங்கள் மொழிக்கு வாசற்கதவு இருக்கிறது என்றாள்.

மூன்றாம் நாள் கால்போன போக்கில் நடந்தேன்.
தேன் வாசனையோடு பூத்த மரங்கள், பெயர் தெரியாது.
கீரைப் பாத்திகள். ஒரு பெட்ரோல் நிலையம்.
பிறகு சாலையோரம் மஞ்சள் பலகை:
ஊரின் பெயர், அதன் குறுக்கே
தப்பாக எழுதி அடித்ததுபோல்
ஒரு சிவப்புக் கோடு.
அவ்வளவுதான். ஊர் முடிந்துவிட்டது.
அப்பால் சோளம்.

சிரிப்பு வந்தது. பிறகு என்னவோ செய்தது.
ஐம்பத்துமூன்று வயதில், முதல் தடவையாக,
ஓர் ஊரை நடந்தே தீர்த்திருக்கிறேன்.
எங்களுக்கு ஊரும் நாடும் ஒன்று.
முடிகிற இடமெல்லாம் தண்ணீர்,
இல்லையென்றால்
கடப்பிதழ் கேட்கும் கண்ணாடிக் கூண்டு.
ஒரு கால் ஊருக்குள், ஒரு கால் வெளியே வைத்துப்
படமெடுத்து ரொஹானிசாவுக்கு அனுப்பினேன்.
மருத்துவமனை நாற்காலியிலிருந்து பதில் வந்தது:
செருப்பு புதுசா?

திரும்பி வந்து இரண்டு வாரம்.
தேடிக்கொண்டே ஓட்டுகிறேன்
தெம்பனிஸ் எங்கே முடிகிறதென்று.
புளோக் எண்ணின் முதல் இலக்கம் மாறுகிறது.
குப்பைத்தொட்டி நிறம் மாறுகிறது.
மழைமரங்கள் மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல்
சாலைக்கு மேலே கிளை கோத்து
பாசிர் ரிஸுக்கு நிழல் கடத்துகின்றன.

நேற்று கடைசிச் சுற்றில் ரொஹானிசா ஏறினாள்,
சீருடையில்லாமல்,
கஞ்சி கொண்டுபோன தூக்கோடு.
பின்னிருக்கையில் தூங்கிய பையனும் இறங்கிவிட்டான்.
எங்கே இறங்குகிறாய் என்றேன்.
தெரியவில்லை, நீ ஓட்டு என்றாள்.
ஓட்டுநரிடம் பேசாதீர் என்ற அறிவிப்புக்குக் கீழே
கம்பியைப் பிடித்து நின்றாள். பேசவில்லை.

இதற்கு அந்த மொழியில் ஒரு வினைச்சொல் இருக்கும்.

சிவப்பு விளக்கு.
கண்ணாடியில் துளிகள்.
ஐம்பது நிமிடம் ஆகும்.